பருத்த எழுத்தின் மென்குரல்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் முதியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; ஞாயிறுதோறும் முதல் திருப்பலிக்கு முதல் ஆளாய் வந்து தூணருகே அமர்பவர். அவருடைய முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கென ஒரு சிறு அட்டை அச்சிட வேண்டியிருந்தது. பிள்ளைகள் வெளியூர்களில் இருந்தமையால் அப்பொறுப்பை நாமே ஏற்றுக்கொண்டோம். ஒரு பக்கம் தமிழில் மன்றாட்டு. மறுபக்கம் படத்தின்கீழ் ஆங்கிலத்தில் பெயரும் நாள்களும். கணினி அச்சகத்திலிருந்த இளைஞர் ஆங்கில எழுத்துருக்களின் பட்டியலைத் திரையில் ஓடவிட்டு, "எது வேண்டும், ஃபாதர்?" என்றார். அட்டையைக் கையில் ஏந்தப் போகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைக் கடந்தவர்கள். கோவிலுக்குள் விடியற்காலை வெளிச்சமும் மங்கல். நன்கு பருத்த, தெளிவான எழுத்து ஒன்றைத் தேடிச் சுட்டிக் காட்டினோம். அதன் பெயர் கூப்பர் பிளாக் என்று திரையில் கண்டோம். அவ்வளவே அன்று நாம் அறிந்தது.

திருப்பலி முடிந்தபின் மூத்த மகன் பங்குமனைக்கு வந்தார். சற்றுத் தயங்கி, "தவறாக எண்ண வேண்டாம், ஃபாதர். அப்பாவின் பெயர் மிட்டாய்க் கடைப் பலகையில் எழுதியதைப்போல் இருக்கிறது" என்றார். குரலில் சினம் இல்லை, வருத்தம் இருந்தது. நமக்கு மறுமொழி தோன்றவில்லை. பெயரில் எழுத்துப்பிழை இல்லை, நாள் தவறவில்லை, அச்சும் மங்கவில்லை. ஆயினும் அட்டையை இன்னொருமுறை நோக்கியதுமே அவர் சொன்னது மெய்யென விளங்கிற்று. குற்றம் சொல்லில் இல்லை. சொல்லை உரைத்த குரலில் இருந்தது.

நூல்களைத் திறனாய்வு செய்கிறோம்; பாடல்களையும் நாடகங்களையும் எடைபோடுகிறோம். அந்நூல்களைத் தாங்கி நிற்கும் அச்செழுத்தின் வடிவத்தை ஆராய்வார் நம்மிடையே அரியர். அதனை ஒரு பாத்திரமாக மட்டுமே கருதி, உள்ளிருப்பதைப் பருகிவிட்டுப் பாத்திரத்தை மறந்துவிடுகிறோம். குருமடத்தில் நமக்கு மெய்யியல் கற்பித்த பேராசிரியர் பொருளும் வடிவும் ஒன்றைவிட்டு ஒன்று நில்லா என்று பலமுறை கூறியதுண்டு. அப்பாடம் மெழுகுக்கும் சிலைக்கும் பொருந்துவதுபோல் நினைவு அட்டைக்கும் பொருந்தும் என்பதை நாம் கற்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

கூப்பர் பிளாக் எழுத்தை உருவாக்கியவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். 1879இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பிறந்து, கான்சாஸ் மாநிலத்துக் காஃபிவில் என்னும் ஊரில் வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே அச்சகத்தில் எடுபிடிப் பையனாய் வேலை பார்த்தவர். படம் வரைவதில் பேர் பெற வேண்டும் என்னும் ஆசையோடு சிகாகோவுக்குச் சென்று, ஃபிராங்க் ஹோம் நடத்திவந்த ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியம் அவருக்குக் கைகூடவில்லை. ஆனால் அதே பள்ளியில் எழுத்துக்கலை கற்பித்தவர் ஃபிரெடரிக் கௌடி. பிற்காலத்தில் அமெரிக்க அச்செழுத்துக் கலையின் தலைமகனாக எண்ணப்பட்டவர். அவர் வகுப்பில் கூப்பர் தம் வழியைக் கண்டுகொண்டார். நாடிச் சென்றது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

1904இல் ஃபிரெட் பெர்ட்ச் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து சிகாகோவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். விளம்பரங்களுக்கு எழுத்து வரைவதும் பக்கம் அமைப்பதும் அவர்கள் தொழில். பேக்கார்டு மோட்டார் வண்டியின் விளம்பரங்களுக்கென அவர் கையால் வரைந்த எழுத்து பலர் கண்ணையும் கவர்ந்து, 1913இல் உலோக எழுத்தாகவே வார்க்கப்பட்டது. பின்னர்ச் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்னும் எழுத்து வார்ப்பகம் தனக்கென எழுத்து வரைந்து தருமாறு அவரை நாடிற்று. முதலில் வந்தது ஓரளவு மெலிந்த, நூல் அச்சுக்கும் ஏற்ற ஓர் எழுத்து. அதனையே ஊட்டி வளர்த்ததுபோல் 1922இல் கூப்பர் பிளாக் வெளிவந்தது. நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது இப்பருத்த பிள்ளையையே.

இதன் அருமையை உணர, தடித்த எழுத்தின் முன்கதையைச் சிறிது அறிய வேண்டும். பழங்கால அச்சுக்கலைஞருக்குத் தடித்த எழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமானால் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினர், அல்லது சாய்வெழுத்தை ஆண்டனர், அல்லது நிறத்தை மாற்றினர். நம் திருப்பலி நூலை விரித்துப் பார்ப்பவர்கள் இதனை இன்றும் காணலாம். குரு சொல்ல வேண்டியவை கறுப்பு; செய்ய வேண்டியவை சிவப்பு. அக்குறிப்புகளுக்கு இலத்தீன் வழிவந்த பெயரே சிவப்பு என்னும் பொருளுடையதுதான். எடையைக் கூட்டாமல் நிறத்தை மாற்றியே குரலை மாற்றிய நயம் அது.

1800களின் தொடக்கத்தில் இலண்டன் தெருக்களில் இந்நிலை மாறியது. பொருள் விற்பவர்களும் நாடகக்காரர்களும் சுவரில் ஒட்டும் தாள்களால் ஒருவரையொருவர் முந்த முயன்றனர். அரசே நடத்திய லாட்டரிச் சீட்டு, 1826இல் நிறுத்தப்படும்வரை, இப்போட்டியில் முன்னணியில் நின்றது. வழிப்போக்கன் கண்ணைப் பிடித்து நிறுத்தும் எழுத்து வேண்டப்பட்டது. இராபர்ட் தோர்ன் முதலிய வார்ப்பாளர்கள் அளித்த விடை, வரம்பு கடந்து பருத்த எழுத்து. நெடுங்கோடுகள் தூண்கள் போல் வீங்கின. குறுக்குக் கோடுகளும், கோட்டின் முனையில் செரீஃப் எனப்படும் சிறு பாதங்களும் தலைமயிர் போல் மெலிந்தே இருந்தன. தூணும் மயிரும் ஒரே எழுத்தில் கூடி நின்றமையால் அவ்வெழுத்துக்கு ஒரு மினுக்கும் ஓர் அதட்டலும் வாய்த்தன. கண்டவர் நின்றனர் என்பதில் ஐயமில்லை. எனினும் மட்டமான தாளில், தேய்ந்த எந்திரத்தில் அந்த மயிர்க்கோடுகள் உடைந்தும் மறைந்தும் போயின. வலிமையைக் காட்டப் பிறந்த எழுத்து முதலில் இழந்தது தன் கால்களையே.

ஏறத்தாழ நூறாண்டு கழித்துக் கூப்பர் அதே சிக்கலை எடுத்துக்கொண்டார். முடிச்சை அவிழ்த்த விதம் முற்றிலும் வேறு. கூப்பர் பிளாக் எழுத்தை உற்று நோக்குங்கள். மயிர்க்கோடு என்பதே அதில் இல்லை. தடித்த இடமும் மெலிந்த இடமும் உண்டு; ஆனால் மெலிந்ததும் சதைப்பற்றோடுதான் மெலிந்திருக்கிறது. செரீஃப் உண்டு, அதன் விளிம்பு கூராய் முடியவில்லை, மழுங்கி உருண்டுள்ளது. நனைந்த களிமண்ணை விரலால் அழுத்தி வழித்ததைப்போல் மூலைகள் எல்லாம் குழைந்திருக்கின்றன. எழுத்தின் அடியைக் கவனித்தால் அது தட்டையாய்த் தரையில் நிற்பதில்லை. உருண்ட பாதம் கொண்டு மெத்தைமேல் நிற்பதுபோல் நிற்கிறது. நேர்க்கோடு எனத் தோன்றுவதும் ஊன்றிப் பார்த்தால் சிறிது வளைந்தே உள்ளது.

இந்த உருட்சியில் அழகு மட்டுமன்றி ஒரு பயனும் உண்டு. கூரிய தட்டையான பாதமுடைய எழுத்துகளை வரிசையாக அடுக்கினால், ஒன்று இம்மியளவு மேலேறினும் கீழிறங்கினும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். உருண்ட பாதமோ அச்சிறு பிழையைப் பொறுத்துக்கொள்கிறது. அடிக்கோடு எங்கே தொடங்குகிறது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாதபோது, அது பிசகியது என்று எவர் சொல்வார்? பழக்கமில்லாத கைகளும் கோணலாய் அடுக்கிய வரி ஒழுங்காகவே தோன்றும். பிற்காலத்தில் தேர்ந்த அச்சுக்கோப்பாளர் கையிலிருந்து இவ்வெழுத்து எளியோர் கைகளுக்கு இறங்கி வந்தபோதும் குலையாது நின்றதற்கு இது ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

இன்னும் சில நயங்கள் உள்ளன. ஆங்கில ‘ஓ’ எழுத்தின் உள்வெளி நிமிர்ந்து நில்லாமல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்வு நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்த ஒருவரைப்போல. சிறிய ‘ஐ’, ‘ஜே’ இவற்றின் தலைப்புள்ளிகளும் முழு வட்டமல்ல, சாய்ந்த நீள்வட்டங்கள். இவை இரண்டும் பேனா பிடித்த கையின் அடையாளங்கள். எத்துணைப் பருத்தாலும் இது ஒரு மனிதர் கையால் எழுதியது என்னும் நினைவை அவை காப்பாற்றுகின்றன. வரியின் கீழே இறங்கும் வால்கள் குட்டையானவை. ஆதலால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். செய்தித்தாளில் விளம்பர இடத்தை அங்குலக் கணக்கில் விலைகொடுத்து வாங்கும் வணிகனுக்கு அது காசு மிச்சம்.

குறையும் உண்டு. உள்வெளிகள் மிகச் சிறியன. சிறிய அளவில் அச்சிட்டால் மை நிரம்பி ‘ஏ’யும் ‘இ’யும் கறுத்த பொட்டுகளாகிவிடும். ஒரு பத்தி முழுவதையும் இதில் படிக்க முயன்றால் நான்காம் வரியில் கண் களைத்துப்போகும். கூப்பர் இதனை அறியாதவர் அல்லர். தொலைநோக்குடைய அச்சகத்தாருக்காகவும், கிட்டப்பார்வையுடைய அவர்தம் வாடிக்கையாளருக்காகவும் செய்த எழுத்து இது என்று அவரே நகைச்சுவையாகக் கூறியதாகச் சொல்வர். தம் படைப்பைத் தாமே இவ்வாறு கிண்டல் செய்யும் கலைஞரிடம் நமக்கு ஒரு மதிப்பு பிறக்கிறது. நினைவு அட்டைக்கு எழுத்தைத் தேடியபோது நாமும் அவருடைய தொலைநோக்குடைய அச்சகத்தாராகத்தான் இருந்தோம் என்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

வெற்றி உடனே வந்தது. போலிகளும் உடன் வந்தன. 1924இல் லட்லோ நிறுவனம் தனக்கென ஒரு பருத்த எழுத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு மோனோடைப் நிறுவனம் கூப்பர் பிளாக்குக்குப் போட்டியாக ஓர் எழுத்தைக் கொண்டுவந்தது. அதை வரைந்தவர் வேறெவருமல்லர், கூப்பரின் ஆசிரியர் கௌடியே. மாணவன் கண்ட வழியில் ஆசிரியர் பின்தொடர நேர்ந்தது. அவ்வெழுத்தையும் பார்த்தோம். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கௌடி தம் நேர்த்தியை விட மனமில்லாமல் பருத்திருக்கிறார். கூப்பரோ பருமையையே தம் நேர்த்தியாக்கிக்கொண்டார். அமெரிக்கச் சட்டம் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிப்பதில்லை. ஆகவே வடிவத்தைப் பின்பற்றுவோர்க்குத் தடையும் பெரிதாக இல்லை. கூப்பர் 1940இல் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின்னரே இவ்வெழுத்து உலகெங்கும் பரவியது என்பது வியப்பு. உலோக எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டையின்மேல் அமர்ந்திருக்கும்; இரண்டு கட்டைகள் முட்டிக்கொண்ட பின் எழுத்துகளை அதற்குமேல் நெருக்க இயலாது. 1960களில் ஒளிப்பட முறையில் எழுத்துக் கோக்கும் எந்திரங்கள் பரவியபோது அக்கட்டைகள் மறைந்தன. எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று உரசுமாறும் நெருக்கலாம், விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கலாம். அதே காலத்தில் லெட்ராசெட் என்னும் தாள்களும் வந்தன. தாளின்மேல் தேய்த்தால் எழுத்து கீழே ஒட்டிக்கொள்ளும். உருண்டை எழுத்துகள் ஒன்றோடொன்று தோள் உரச நின்றபோது கூப்பர் பிளாக் புதிதாய்ப் பிறந்தது. 1970களில் அமெரிக்க இளைஞர் தம் பனியன்களில் சூட்டுப்பெட்டியால் ஒட்டிக்கொண்ட பெயர்களிலும் வாசகங்களிலும் இவ்வெழுத்தே பெரிதும் காணப்பட்டது. இங்கிலாந்தில் வயது முதிர்ந்த ஊர்க்காவலர்களைப் பற்றி 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பான ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் நகைச்சுவைத் தொடரும் இதனை ஏற்றது.

இப்பயன்களுள் நம் மனத்தை மிகவும் ஈர்த்தது ஓர் இசைத்தட்டின் உறை. பீச் பாய்ஸ் என்னும் கலிபோர்னியக் குழுவினர் 1966இல் வெளியிட்ட ‘பெட் சவுண்ட்ஸ்’ அது. சான் டியாகோ விலங்குக் காட்சிச்சாலையில் அக்குழுவினர் ஆடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம்; அதற்கு மேலே பச்சைப் பட்டையில் கூப்பர் பிளாக்கில், நெருக்கி அடுக்கிய எழுத்துகளில் குழுவின் பெயரும் தட்டின் பெயரும். உறையைப் பார்ப்பவர் உள்ளே குழந்தைப் பாடல்கள் இருக்கும் என்றே எண்ணுவர். இளமை கழிந்துபோவதும், அன்பு கைநழுவுவதும், காலத்தோடு ஒட்டாது தனித்து நிற்பதும் உள்ளேயிருக்கும் பாடல்களின் உணர்வுகள். இது பொருந்தாத உறை என்று சொல்வாருண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. துயரத்தைச் சொல்ல வந்தவர் கதவைத் தட்டும்போது புன்னகைத்தார் எனில், அப்புன்னகை பொய்யாகிவிடாது. உள்ளே நுழைந்தபின் அப்புன்னகையின் பொருள் மாறிவிடும், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான பயன் ஒன்றையும் நோக்க வேண்டும். 1995இல் இங்கிலாந்தின் லூட்டன் நகரிலிருந்து ஈசிஜெட் என்னும் மலிவுக் கட்டண விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியது. செம்மஞ்சள் நிறமும் கூப்பர் பிளாக் எழுத்தும் அதன் முகம் ஆயின. விமானத்தின் வாலிலும் வயிற்றிலும் அவ்வளவு பெரிய எழுத்து வானில் செல்வதைப் பிற நிறுவனங்கள் சற்றே முகம் சுளித்துப் பார்த்திருக்கக்கூடும். பழைய விமான நிறுவனங்கள் சிறகும் மகுடமும் மெல்லிய கோடுகளுமாய்த் தம்மை உயர்குடியாகக் காட்டிக்கொண்ட துறையில், ‘இது உங்களுக்கும் எட்டும்’ என்று தெருக்கடைக் குரலில் சொன்னது அவ்வெழுத்து. பயணச்சீட்டின் விலையைப் பொறுத்தவரை அச்சொல் மெய்யே. ஆயினும் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. அன்பான முகமுடைய எழுத்தைக் கூலிக்கு அமர்த்த முடியும். உருண்ட விளிம்பும் சாய்ந்த ‘ஓ’வும் விற்பவனின் மனத்தில் இல்லாத கனிவையும் வாங்குபவனின் கண்ணில் உண்டாக்கும். அதட்டும் எழுத்திடம் நாம் எச்சரிக்கையாய் இருக்கிறோம். தோளில் கைபோடும் எழுத்திடம் எச்சரிக்கை நழுவிவிடுகிறது. இக்குற்றத்தைக் கூப்பர்மேல் சுமத்துவது முறையன்று. கனிவை வடிவாக்கியது அவர் செயல். அதை முகமூடியாக்குவது பயன்படுத்துவோர் செயல். எனினும் வடிவத்தில் அதற்கு இடம் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

நூல் அச்சில் தேர்ந்த தூய்மையாளர்கள் இவ்வெழுத்தைத் தொடக்கத்திலிருந்தே நாகரிகமற்றது என ஒதுக்கினர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. உரக்கப் பேசுவது மட்டுமே நாகரிகக் குறைவு ஆகாது. உரக்கப் பேசும்போது எதிரிலிருப்பவரை மிதிப்பதே நாகரிகக் குறைவு. நாம் புதிதாகக் குருப்பட்டம் பெற்ற நாள்களில், பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று ஒலிபெருக்கியின் முன்னும் கத்தியே மறையுரை ஆற்றினோம். ‘சாமி நம்மைத் திட்டுகிறாரா, வாழ்த்துகிறாரா?’ என்று ஒரு பாட்டி அருகிலிருந்தவரைக் கேட்டதாகப் பின்னர் அறிந்தோம். உரத்த குரலில் சினம் கலவாமல் பேசுவது அரிய பயிற்சி. இலண்டனின் பழைய சுவரெழுத்துகளால் அது முடியவில்லை. கூப்பருக்கு முடிந்தது. தொலைவிலிருந்து அழைத்தாலும் அவருடைய எழுத்து எவரையும் அச்சுறுத்துவதில்லை. ஓர் எழுத்துருவின் சாதனையாக இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அதே எழுத்துக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. இதுவே நம் குறைப்பாடு. நல்ல எழுத்துக் குடும்பங்கள் பலவற்றில் மெலிந்ததும் தடித்ததும் உடன்பிறந்தோராய் இருப்பதால், வேண்டிய இடத்தில் தாழ்ந்தும் உயர்ந்தும் பேசலாம். கூப்பர் பிளாக்கின் மெலிந்த உடன்பிறப்புகளைப் பெரும்பாலோர் அறியார்; உலகில் வாழ்ந்தது பருத்தது ஒன்றே. அதில் எதனை எழுதினாலும், விழா அழைப்போ வாடகை அறிவிப்போ, முகம் ஒன்றாகவே இருக்கும். சினத்தை அதில் எழுத முடியாது, எழுதினால் விளையாட்டாகிவிடும். துயரை அதில் எழுதினால் ஆறுதல் கூற வந்தவர் துக்கவீட்டு வாசலிலேயே கலகலவென நலம் விசாரிக்கத் தொடங்கியதுபோல் ஆகிவிடும். அம்மகன் தம் தந்தையின் பெயரில் கண்டது இதைத்தான்.

இன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அலுவலக மென்பொருளோடு இவ்வெழுத்தும் சேர்ந்தே வந்துவிடுவதால், சிகாகோவின் விளம்பரக்காரருக்கென வார்க்கப்பட்டது நம் ஊர்க் கணினி அச்சகத்தின் பட்டியலிலும் அகரவரிசையில் காத்திருக்கிறது. பட்டியலில் எல்லா எழுத்தும் ஒரே அளவில், ஒரே வரிசையில் நிற்கின்றன. எது சந்தையில் பிறந்தது, எது திருப்பலி நூலில் பிறந்தது என்று பட்டியல் சொல்வதில்லை. தேர்ந்தெடுக்கும் கை அதனை அறிந்திருக்க வேண்டும்; நம் கை அன்று அறிந்திருக்கவில்லை. எனவே அம்மகனிடம் சென்று நம் பிழையை ஒப்புக்கொண்டோம். அவரும் பெருந்தன்மையோடு ஏற்று, ஆண்டு நினைவுக்குத் தாமே புதிய அட்டை ஒன்றை அச்சிட்டு வந்தார். மெல்லிய கோடுகளும் கூரிய செரீஃபும் உடைய எழுத்து. சுற்றிலும் வேண்டிய அளவு வெள்ளிடம். பெயர் தாழ்ந்த குரலில், தலைகுனிந்து நின்றது. துயரம் அறிந்த அட்டை அது. இப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று நமக்கும் தோன்றிற்று.

அதன்பின் ஒரு முதல் வெள்ளியன்று, நடமாட இயலாதவர்களுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது, இறந்தவரின் மனைவி வீட்டுக்கும் சென்றோம். தொடக்கப்பள்ளியில் பல்லாண்டு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை அவர். இரு கண்களிலும் பார்வை மங்கிவிட்டது. செபம் முடிந்ததும் தலையணை அருகிலிருந்த செபப் புத்தகத்தை எடுத்துக் கைகளால் தடவி, நடுவில் செருகியிருந்த அட்டையை உருவி நம்மிடம் காட்டினார். மகன் அச்சிட்டதாயிருக்கும் என்று எண்ணினோம். அது நம் பழைய அட்டை. மூலைகள் மடங்கி, படத்தின்மேல் விரல் பட்டுப் பட்டு வெளிறியிருந்தது.

"மகன் அடிச்ச அட்டைதான் அழகு, சாமி. எல்லாரும் சொல்றாங்க" என்றார். "ஆனா அதுல எனக்கு வெறும் வெள்ளைதான் தெரியுது. இதுல அவர் பேரு தெரியுது."

முகத்தருகே அட்டையைக் கொண்டுபோய், கணவரின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகக் கூட்டி, வகுப்பறையில் சொல்வதைப்போல் நமக்குப் படித்துக் காட்டினார்.